ஐரோப்பாவின் ஜாஸ் மட்டமா, கதிர்?

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, சூளகிரி அறைக்குப் போய்விட்டாய். மறுநாளே உனக்கு ஃபோன் செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் வீட்டு ஃபோன் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு உதாரணம் சொல்லத் தொடங்குவேன், நீ "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்பாய், அதற்குள் அம்மா ஃபோனைப் பிடுங்கி "சாப்புட்டியா கண்ணு?" என்பாள், பேச்சு அதோடு முடிந்துவிடும். கடிதத்தில்தான் ஒருவன் தன் உதாரணத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியும். இதை உன் தங்கை படிக்கட்டும், ஸ்டீபன் படிக்கட்டும், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு முழிக்கிற வேறு அப்பா அம்மா யாராவது படித்தாலும் எனக்குச் சம்மதமே.

அவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சூளகிரித் தொழிற்பேட்டையில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாய். ஷிஃப்ட் முடிந்த நேரமெல்லாம் சாக்ஸபோன் வாசிக்கிறாய். உன் கூட்டாளி ஸ்டீபன் டிரம்ஸ். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் எல்லை தாண்டிப் பெங்களூரு போய் ஏதோ ஒரு ஓட்டலில் ஜாஸ் வாசித்துவிட்டு வருகிறீர்கள். நீ அனுப்பிய பதிவுகளைக் கேட்டு, டென்மார்க்கில் ஒரு இசைக் கல்லூரி உனக்கு இரண்டு வருடப் படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. கட்டணமும் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று நீ பதில் சொல்ல வேண்டும். நீ வரவில்லை என்று சொல்லப் போகிறாயாம். காரணம், ஜாஸ் அமெரிக்காவின் சொத்து, ஐரோப்பாவில் இருப்பது அதன் நகல், நகலைப் படிக்க அவ்வளவு தூரம் எதற்கு என்பது.

அன்றைக்கு நம்மோடு சாப்பிட உட்கார்ந்திருந்த ஸ்டீபன் அதை இன்னும் அழகாகச் சொன்னான். "சார், நீங்களே சொல்லுங்க. ஜாஸ் படிக்க டென்மார்க் போறதும், திருநெல்வேலி அல்வா வாங்க ஓசூருக்கு வர்றதும் ஒண்ணுதானே?" நான் திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்தேதான் சொன்னான், பயல். நீயும் விடவில்லை. "அவங்க வாசிக்கறது சுத்தமாத்தாம்பா இருக்கும். ஆனா ஆடாது. கேக்கறவன் காலு தானா தாளம் போடணும்பா. அங்க காலு சும்மா கெடக்கும்" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கேள்விக்கு நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பில் சொல்லிப் பழகியவன் நான். பிறகு மூன்று நாளாக உட்கார்ந்து கேட்டேன்.

நீ எப்போதோ என் ஃபோனில் ஏற்றி வைத்த பாட்டுகள்தாம், அமெரிக்காவும் ஐரோப்பாவும் கலந்து. காலையில் ஏரிக்கரை நடையிலும் காதில் மாட்டிக்கொண்டு போனேன். கூட நடக்கிற ஆலை ஓய்வுக்காரர் ஒருவர் என் காதருகே வந்து, "சார்! காது மிஷின் எப்ப வெச்சீங்க? நல்லா கேக்குதா?" என்று கத்தினார். "நல்லா கேக்குதுங்க, டென்மார்க் வரைக்கும் கேக்குது" என்றேன். பாவம், அவர் தன் மனைவிக்கும் அதே மிஷின் வாங்க வேண்டும் என்று கடை விலாசம் கேட்டார்.

வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு அமெரிக்கப் பதிவு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரோ நல்லா சண்டை போட்டுட்டு, அழுதுட்டு, அப்பறம் அவங்களே சிரிக்கறா மாதிரி இருக்குதுங்க" என்றாள். அவள் கத்தி தானாகவே பலகையில் தாளம் போட்டது. நீ சொன்ன அந்தக் கால் இங்கே கையில் வந்தது, அவ்வளவுதான். அடுத்து வடக்கு ஐரோப்பாக்காரர் ஒருவரின் பதிவு. பியானோ, அதன் மேல் மெல்ல ஒரு சாக்ஸபோன், நடுநடுவே நீண்ட மௌனம். அம்மா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க இது, மழை வர்றா மாதிரியே இருட்டிக்கிட்டு நிக்குது. வரவே மாட்டேங்குதே?" கல்லாவியில் மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டில் பிறந்தவள். வராத மழையைப் பற்றி அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், "நேத்து போட்டீங்களே, அந்த வராத மழை, அதைப் போடுங்க" என்றாள். அமெரிக்கப் பாட்டை அவள் மறுபடி கேட்கவில்லை. அது பிடிக்காமல் இல்லை. அது அவளுக்கு ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. இது எதையோ பாக்கி வைத்திருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சுமதியின் கல்யாணம் ஞாபகம் வந்தது. உன் பெரியம்மா மகள் சுமதியைக் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் கொடுத்தோமே, ஜூஜுவாடி மண்டபத்தில் நடந்ததே, அது. நம் எல்லைப் பகுதியில் சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "மேளத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று பெரியப்பா சொன்னார். "அய்யோ, உங்களுக்கு எதுக்கு சார் சிரமம், அதை நாங்க பாத்துக்கறோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். ஒருவர் சொன்னதை மற்றவர் மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார். முதல் தடவை சொல்வதை யாரும் நிஜமென்று நம்பாத ஊர் இது. விளைவு, கல்யாணத்தன்று காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டி வந்து மேடைக்கு இடது பக்கம் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சாக்ஸபோன் கோஷ்டி வந்து வலது பக்கம் உட்கார்ந்தது. அவர்களுடைய தவில்காரர் மட்டும் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

உன் மாமா குதித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "முகூர்த்தத்துல பேண்டு வாத்தியமா? நாளைக்கு நான் ஊர்ல எப்படித் தலை காட்டறது?" மாப்பிள்ளையின் அப்பா சிரித்த முகம் மாறாமல், "எங்க பக்கம் எல்லாக் கல்யாணமும் இதுலதான் சார் நடக்குது. பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் பொறக்குது" என்றார். பெரியவர்கள் இப்படி மூன்று மொழியில் வாதாடிக்கொண்டிருந்தபோது, இரண்டு கோஷ்டியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இருந்த ஒரே தவில்காரர்தான் எழுந்து வந்து, "யாருக்கு மொதல்ல அடிக்கணும்னு சீக்கிரம் சொல்லுங்க, பொங்கல் ஆறுது" என்றார். முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், மற்றதெல்லாம் பிறகு என்று முடிவாயிற்று.

தாலி ஏறியதும் மாமாவுக்கு மனசு இளகியது. சாக்ஸபோன்காரரைப் பார்த்து, "எங்க, நீங்களும் அதே மாதிரி ஒண்ணு வாசிங்க பாப்போம்" என்றார். அவரும் மறுக்க முடியாமல் அதே பாட்டை, அதே வேகத்தில், அதே குழைவோடு வாசிக்கப் பார்த்தார். சளி பிடித்த நாதஸ்வரம் மாதிரி இருந்தது. கொஞ்சப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் மத்தியானப் பந்தியில் அதே மனிதர் சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே, தாழ்ந்த குரலில், மூச்சுச் சத்தம் வெளியே தெரிய வாசிக்கத் தொடங்கினார். தவில்காரர் கழியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார். கை கழுவப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். நீ பாயச வாளியோடு நின்றுவிட்டாய். உட்கார்ந்திருந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏப்பா தம்பி, பாயசம் எலைக்கு வருமா, வாளியிலயே இருக்குமா?" என்று கேட்டார். நீ முதன்முதலில் சாக்ஸபோன் வேண்டும் என்று கேட்டது அந்த வாரம்தான்.

அன்று சாக்ஸபோன் நாதஸ்வரத்தை எட்டியதா? முகூர்த்த நேரத்தில் எட்டவில்லை, எட்டவும் எட்டாது. அந்த நேரத்தின் சத்தம் நாதஸ்வரத்தினுடையது. ஆனால் பந்தியில் கேட்டது வேறு. அவ்வளவு தாழ்ந்து, ஒருவர் காதில் மட்டும் சொல்வது போலப் பேச நாதஸ்வரத்துக்கு வாய்க்காது. ஐரோப்பாக்காரர்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் அவர்கள் அமெரிக்கப் பதிவுகளைத் தேயத் தேயக் கேட்டு அதே மாதிரி வாசிக்கப் பார்த்தார்கள். சளி பிடித்த காலம் அது. பிறகு பிரான்சில், டிரம்ஸே இல்லாமல், கிடாரையும் வயலினையும் வைத்துக்கொண்டு நாடோடிக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் பாணியில் வாசித்தார்கள். வடக்கே இருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டையும் நீளமான குளிர்காலத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். கிழக்கே, இந்த இசையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த அரசாங்கங்களின் காலத்தில், வீடுகளுக்குள் ஒளிந்து வாசித்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் மரியாதை கிடைக்காத கறுப்பினக் கலைஞர்கள் பலர் பாரிஸிலும் கோபன்ஹேகனிலும் போய்க் குடியிருந்து, அங்கே இருந்தவர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். உன் கல்லூரி இருப்பது அந்தக் கோபன்ஹேகனில்தான் என்பதை நான் உன் வாயிலிருந்து கேட்கவே இல்லை. கல்லூரியின் விலாசத்தை வரைபடத்தில் தேடித் தெரிந்துகொண்டேன்.

சமூக அறிவியல் நடத்தியவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இசை யாருடைய முதுகில் விழுந்த அடியிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிட்டு யாரும் இதில் மார்க் போடக் கூடாது. அடிமையாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வயலிலும் தேவாலயத்திலும் தெருவிலும் பாடியது அது. அதனால் நீ நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். அந்த ஆட்டம், அந்தச் சோகம், அழுதுகொண்டே சிரிக்கும் அந்தக் குரல், இந்தத் தாளில் அமெரிக்காதான் முதல். ஐரோப்பா அதில் தேர்ச்சி பெறும், முதலிடம் வராது. ஆனால் ஐரோப்பாவின் நல்ல கலைஞர்கள் அந்தத் தாளை எழுதவே இல்லை, கதிர். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. சரித்திரத் தாளின் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு புவியியல் தாளைத் திருத்தினால் பையன் ஃபெயில்தான். தப்பு பையன் மேல் இல்லை. அதற்காக அவர்கள் செய்வதெல்லாம் உசத்தி என்றும் சொல்லமாட்டேன். ஒரு பதிவில் கால் மணி நேரம் கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். இசை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. இன்னொன்றில் நான் தூங்கியே போனேன், எழுந்தபோதும் அதே சுரத்தில்தான் நின்றிருந்தார்கள். மட்டமான சரக்கு அங்கேயும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. ஸ்டீபனின் அல்வாவுக்கும் என் பதில் இதுதான். ஓசூர் அல்வாக்காரர் பலகையில் திருநெல்வேலி என்று எழுதுகிற வரைக்கும்தான் நான் முகத்தைச் சுளிப்பேன். ஓசூர் அல்வா என்று தைரியமாக எழுதட்டும், முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கே சந்தேகமாக இருக்கிறது, நாம் ஞாயிற்றுக்கிழமை பேசியது ஐரோப்பாவைப் பற்றித்தானா என்று. நீ ஸ்டீபனின் கிண்டலுக்காக எழுந்து போகவில்லை. நான் பேசாமல் இருந்ததற்காகவும் போகவில்லை. ரசம் ஊற்ற வந்த அம்மா, "அமெரிக்காதான் நல்லதுன்னா அங்கயும் எழுதிப் போட்டியா கண்ணு?" என்று வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். நீ அவளைப் பார்த்தாய், இலையைப் பார்த்தாய். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாய். அம்மா ரசக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "நான் என்னாத்தங்க தப்பா கேட்டுட்டேன்?" என்றாள். தப்பாகக் கேட்கவில்லை. சரியாகக் கேட்டுவிட்டாள்.

அமெரிக்காதான் ஒரே இடம் என்று நம்புகிறவன் அங்கேதான் முதலில் எழுதிப் போட்டிருப்பான். நீ போடவில்லை. அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது என்று போடவில்லை. இங்கே வா என்று சொல்லிவிட்டார்கள், அதையும் தாங்க முடியவில்லை. அதனால் அழைத்தவர்களை மட்டம் என்று சொல்கிறாய். பரீட்சை நெருங்கும்போது என் வகுப்பில் சில பிள்ளைகள் பாடத்திட்டமே சரியில்லை என்று பேச ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருக்கும், பாடத்திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் மார்ச் மாதத்தில்தான் அந்தக் குறை அவர்கள் கண்ணில் படும். படிப்பில் சுமாரான பிள்ளைகள் இதைச் சொல்லவே மாட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் வரும். முதல் பெஞ்சில் இருக்கிறோம், கீழே வந்துவிட்டால் என்ன ஆவது என்கிற நோய். ஆலையில் நீ தினமும் ஒரு பாகத்தை எடுத்து அளந்து, இது சேரும், இது சேராது என்று பிரித்து வைக்கிறாய். உன்னை யாரோ எடுத்து அளக்கப் போகிறார்கள் என்றதும் உனக்கு உதறல். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஐரோப்பா மட்டம் என்று சொன்னால் உன்னோடு வாதாட வேண்டியதாகிவிடுகிறது.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ போகாவிட்டால் எனக்கு நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடரும், என் முழங்காலுக்கு மாத்திரை வாங்கிவர ஆள் இருக்கும், நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் அம்மா ஆறு மணிக்கே வாசலைப் பார்க்க ஆரம்பிக்க மாட்டாள். உன் வாதம் ஜெயித்தால் அதில் லாபம் அடைகிறவன் நான். அதனால்தான் அதை இத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நமக்குச் சாதகமான விடையைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

போவதென்று முடிவு செய்தால் எனக்குச் சொல்ல இரண்டொரு விஷயம் உண்டு. அங்கே போனதும் உன்னிடம் இந்திய இசை ஏதாவது வாசியேன் என்று கேட்பார்கள். தெரிந்ததை வாசி, தெரியாததைத் தெரியாது என்று சொல். நீ ஒரு நாட்டின் கண்காட்சி இல்லை. ஓசூரில் வளர்ந்த, சூளகிரியில் வேலை பார்த்த ஒரு ஆள். அவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தது உன் மூச்சையும் விரலையும் கேட்டுத்தான், பாஸ்போர்ட்டைப் பார்த்து இல்லை. அங்கே உன்னைவிட நன்றாக வாசிக்கிற இருபது வயதுப் பெண்ணோ பையனோ கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள். ஓசூர் மார்கழிக்கே இரண்டு போர்வை கேட்கிறவன் நீ, அதற்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தாலும் கவலைப்படாதே. இந்த நெடுஞ்சாலை நெடுக ஆலைகள் இருக்கின்றன. சரியாக அளக்கத் தெரிந்தவனை அவை வேண்டாம் என்று சொல்லாது.

போகவில்லை என்றும் நீ முடிவு செய்யலாம். அது உன் உரிமை, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் செய். அவர்களுக்கு எழுதும் பதிலில் உண்மையான காரணத்தை எழுது. "உங்கள் இசை அசல் இல்லை, அதனால் வரவில்லை" என்று எழுத உனக்கே கை வராது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, "எனக்குத் தோற்றுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் வரவில்லை" என்று எழுது. எழுதி முடித்ததும் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார். அதை அனுப்ப மனசு வந்தால் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கு. மனசு வரவில்லை என்றால், அதை அழித்துவிட்டு வேறொரு பதில் எழுத வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

இன்னும் இரண்டு பத்தி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அம்மா விடவில்லை. பரண் மேல் இருக்கும் பெரிய சூட்கேஸை இறக்கச் சொல்லி இரண்டு தடவை வந்து நின்றுவிட்டாள். "அவன் இன்னும் முடிவே பண்ணலையே" என்றேன். "பண்ணலைன்னா திரும்ப மேல ஏத்திக்கலாம். இப்ப இறக்குங்க, அதுல ஒரு வருசத்துத் தூசு இருக்கும், துடைக்கணும்" என்றாள். நாற்காலி எங்கே என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா